இங்கிலாந்துப் பொலிஸ் நிலையத்தில் டியூட்டி சொலிசிட்டர் (பொலிஸ் விசாரிக்கும்போது இலவசமாக உதவ வரும் வக்கீல்): உங்களுக்கு என்ன நடந்தது?

வடலி:
அக்காவின் மகனுக்கு வயது 16. இரவு பொலிஸில் இருந்து போன். பெரியவர் ஒருவர் கூட இருந்தால்தான் விசாரிக்கலாம் என்றார்கள், நான் போனேன். எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்று. சொலிசிட்டர் வந்தார், இளம் பெண். சின்ன அறையில் மூவரும் இருந்தோம். பெடியன் வாயைத் திறக்கப் போனான். அவர் பேனாவை மூடி வைத்து, பொறு என்று கையைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் கொஞ்ச நேரம் வெளியில் இருங்கள்" என்றார். நான் அவனைத் தூக்கி வளர்த்த மாமன்! காரணத்தைப் பிறகு அவரே சொன்னார். சொலிசிட்டரிடம் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, கூட இருக்கும் பெரியவருக்கு அது இல்லை, நான் கேட்டதை நாளைக்கு என்னிடமே விசாரிக்கலாம். விளங்குகிறது. ஆனாலும் கதவை மூடும்போது அவன் பார்த்த பார்வை மனதை விட்டுப் போகவில்லை.

தேன்மொழி:
என் கணவர் இன்சுலின் எடுப்பவர். விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போனார்கள். வந்த சொலிசிட்டர் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், ஊசி எப்போது போட்டீர்கள்?" இதுதான் முதல் கேள்வி. நேரே கஸ்டடி சார்ஜன்ட்டின் (கைதானவர்களுக்குப் பொறுப்பான அதிகாரி) மேசைக்குப் போய், நர்ஸ் பார்க்கும்வரை விசாரணை வேண்டாம், இதைப் பதிவில் எழுதுங்கள் என்று கேட்டு, எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றாராம். அப்புறம்தான் மற்றதெல்லாம். விசாரணையில் எல்லாக் கேள்விக்கும் கணவர் சொன்னது 'நோ கமென்ட்', அதாவது பதில் சொல்ல விரும்பவில்லை என்பதுதான். வழக்கு மேலே போகவில்லை. வடலி அண்ணா, மருமகனையும் அதையே சொல்லச் சொல்லுங்கள்.

கரையோரம்:
தேன்மொழி அக்கா, அதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994 சட்டத்துக்குப் பிறகு, விசாரணையில் சொல்லாத ஒன்றைக் கோர்ட்டில் புதிதாகச் சொன்னால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று ஜூரி அதை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. கைது செய்யும்போது போலீஸ் ஒப்பிக்கும் வாசகத்தில் இதுவும் இருக்கிறது. ஒரு அடிதடியில் என் நண்பனைப் பிடித்தார்கள். அவன் அந்த நேரம் வேலையில் இருந்தான். சொலிசிட்டர் அதை ஒரே பக்கத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, வாசித்துக் கொடுத்துவிட்டார். மற்றக் கேள்விக்குத்தான் மௌனம். விட்டுவிட்டார்கள்.

படிக்கிறவர்களுக்கு: சொலிசிட்டர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். போலீஸ் நிலையத்தில் அது இலவசம், உங்கள் சம்பளத்தை யாரும் பார்ப்பதில்லை. கேட்டால் குற்றவாளி என்று நினைப்பார்களோ என்ற பயமே வேண்டாம். முதலில் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் பிறகு கேட்கலாம். மொழிபெயர்ப்பாளரும் இலவசம், அரைகுறை ஆங்கிலத்தில் சமாளிக்காதீர்கள். சாதாரணமாக 24 மணி நேரம்தான் வைத்திருக்கலாம். பெரிய குற்றமென்றால் சூப்பரின்டென்டன்ட் 36 வரை நீட்டலாம், அதற்கு மேல் கோர்ட் அனுமதி வேண்டும். பயங்கரவாத வழக்கு வேறு கணக்கு. முக்கியமாக, 'காஷன் (கோர்ட்டுக்குப் போகாமல் போலீஸ் கொடுக்கும் எச்சரிக்கை) வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்' என்றால் சொலிசிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வது, பதிவில் நிற்கும்.

பனித்துளி:
கைது இல்லை, சும்மா வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று கூப்பிடுவார்களே, கரையோரம் அதை விட்டுவிட்டார். அதற்கும் சொலிசிட்டர் இலவசம். பக்கத்து வீட்டுத் தகராறில் அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தப்பே செய்யாதவனுக்கு வக்கீல் எதற்கு என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். நான்தான் விடவில்லை. உள்ளே கைதில் சொல்லும் அதே வாசகம், அதே ஒலிப்பதிவு. அதிகாரி மூச்சுவிடாமல் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் சேர்த்து 'யெஸ்' சொல்லப் போனாராம். சொலிசிட்டர் அவர் கையின் மேல் கையை வைத்து, "ஒவ்வொன்றாகக் கேளுங்கள்" என்றார். அதிகாரி முதல் கேள்வியிலிருந்து திரும்ப ஆரம்பித்தார். தனியாகக் கேட்டபோது அப்பாவின் பதில் 'இல்லை'.