பயாஸ் அப்டேட் போட்டேன், ஸ்க்ரீன் கறுப்பு – அவசரம்

யீஷூன்76:
வணக்கம். வீட்டுல இருக்கிற பழைய கம்ப்யூட்டருக்கு பயாஸ் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற, போர்டு சிப்புலயே இருக்கிற மென்பொருள்) அப்டேட் போட்டேன். 100% முடிஞ்சதுன்னு காட்டுச்சு. அப்புறம் ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன் வரல, பீப் சத்தமும் இல்ல. நாளைக்கு மகளுக்கு எச்பிஎல், வீட்டுலேருந்தே ஆன்லைன் பாடம். மதர்போர்டு போச்சா? சீக்கிரம் சொல்லுங்க.

பூன்லே_ராஜா:
என்ன போர்டு, என்ன ப்ராசசர், எந்த ஃபைல் போட்டீங்க? விண்டோஸ்லேருந்தா, பயாஸ் மெனுவுக்குள்ள போயா? அப்டேட்டுக்கும் கறுப்பு ஸ்க்ரீனுக்கும் நடுவுல வேற எதையாவது கழட்டி மாட்டினீங்களா?

கரண்ட்கம்பி:
பேட்டரிதான். பத்து வருஷத்துக்கு மேல ஆன போர்டுல வேற என்ன இருக்கும்? அந்த வட்டப் பேட்டரி சிஆர்2032-ஐ கழட்டி மீட்டர் வச்சுப் பாருங்க. புதுசு 3 வோல்ட்டுக்கு மேல காட்டும். 2.7-க்குக் கீழன்னா மாத்துங்க.

மதர்போர்டு_மாமா:
சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நல்லா ஓடிட்டிருந்த போர்டுல பயாஸை எதுக்குத் தொடணும்? இதைப் பத்தி இங்க எத்தனையோ இழை இருக்கு. படிச்சுட்டு வந்து கேளுங்க.

யீஷூன்76:
ஏசஸ் எச்61. ஐ5. விண்டோஸ்லேருந்துதான் போட்டேன்.

பூன்லே_ராஜா:
எச்61 சிப்செட்டோட பேரு, அதுல ஏசஸ் மட்டுமே நிறைய மாடல் போட்டிருக்காங்க. முழுப் பேரு போர்டு மேலயே பெருசா அச்சடிச்சிருக்கும். அதோட கடைசியில ஆர்2.0-ன்னு இருக்கா இல்லையா, அதையும் சொல்லுங்க. ரெண்டுக்கும் ஃபைல் வேற. ஐ5-ன்னா எந்த எண்? 2-ல தொடங்குதா, 3-ல தொடங்குதா?

அதுவரைக்கும் பயாஸ் செட்டிங்கை அழிச்சுப் பாருங்க. பவர் கேபிளைச் சுவத்துலேருந்து பிடுங்குங்க, சுவிட்சை மட்டும் அணைச்சா போதாது. பேட்டரிக்குப் பக்கத்துல சிஎல்ஆர்டிசி-ன்னு மூணு பின் இருக்கும். அதுல 1-2-ல இருக்கிற ஜம்பரை 2-3-க்கு மாத்தி பத்து வினாடி வச்சுட்டு, திரும்ப 1-2-லயே போடுங்க. பிறகு ஆன் பண்ணுங்க.

தேக்கா_சிப்:
பயாஸ் சிப்புல நேரா எழுதுற ப்ரோக்ராமர் கருவிக்குப் போங்க, நேரம் மிச்சம். சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல விசாரிச்சா சிஎச்341ஏ-ன்னு ஒண்ணு கிடைக்கும். அந்தக் காலத்து ஏசஸ் போர்டு நிறைய எட்டுக் கால் பயாஸ் சிப்பை சாக்கெட்ல வச்சு வந்தது, சாலிடர் வேலையே இல்ல. பிடுங்கும்போது புள்ளி எந்தப் பக்கம்னு போட்டோ எடுத்துக்கங்க, திருப்பி மாட்டினா சிப் காலி.

முதல்ல சிப்புல இருக்கிற பழசை ரெண்டு தடவை படிச்சு ரெண்டு ஃபைலும் ஒண்ணா இருக்கான்னு ஒப்பிடுங்க. மாறினா கான்டாக்ட் சரியில்லை, அந்த நிலையில எதையும் எழுதாதீங்க. சிப் மேல 25கியூ32-ன்னா 4 எம்பி, 25கியூ64-ன்னா 8 எம்பி. ஏசஸ் தர்ற பயாஸ் ஃபைல் கேப் (.CAP) வகையா இருந்தா அதை அப்படியே எழுதக் கூடாது. 8 எம்பி சிப்புக்கு 83,88,608 பைட் வேணும், கேப் ஃபைல் 83,90,656 இருக்கும். முன்னாடி இருக்கிற அந்த 2048 பைட் தலைப்பை வெட்டணும்.

மதர்போர்டு_மாமா:
கறுப்பு கலர் சிஎச்341ஏ-வை சிபாரிசு பண்றதுக்கு முன்னாடி அதோட டேட்டா கால்ல மீட்டர் வச்சுப் பார்த்திருக்கீங்களா தம்பி? சிப்புக்கு 3.3 போகும், ஆனா டேட்டா லைன்ல 5 வோல்ட் வரும்.

தேக்கா_சிப்:
தெரியும். எத்தனையோ பேர் அதை வச்சே எழுதறாங்க, சிப் ஒண்ணும் சாகலையே.

மதர்போர்டு_மாமா:
சிப் சாகலைங்கிறது வாதமே இல்ல. சிப் தயாரிக்கிற வின்பாண்டோட டேட்டாஷீட்ல உள்ளே வர்ற வோல்டேஜ் சப்ளையை விட 0.4-க்கு மேல போகக் கூடாது. அதாவது 3.7. அதைவிடப் பெரிய சங்கதி, போர்டுல வச்சே கிளிப் மாட்டறவங்களுக்கு அதே லைன்ல சிப்செட்டும் உட்கார்ந்திருக்கு. சிப்புன்னா சில வெள்ளி. சிப்செட் போனா போர்டே போச்சு.

கரண்ட்கம்பி:
பேட்டரி பார்த்தாச்சா?

யீஷூன்76:
ஜம்பர் மாத்தியாச்சு, அப்படியேதான் இருக்கு. ஆர்2.0 இல்ல. ஐ5 3470, கேரசல்ல செகண்ட்ஹேண்டா வாங்கினது, அதை மாட்டத்தான் அப்டேட்டே போட்டேன். முன்னாடி ஐ3 2100. அது பெட்டியில பத்திரமா இருக்கு.

பூன்லே_ராஜா:
இதை முதல் பதிவுலயே சொல்லியிருக்கலாம். அப்ப போர்டு அநேகமா உயிரோடதான் இருக்கு.

2100 சான்டி பிரிட்ஜ், 3470 ஐவி பிரிட்ஜ். சாக்கெட் ஒண்ணுதான், 1155. ஆனா ஆர்2.0 இல்லாத போர்டு 2011 காலத்துது, பயாஸ் சிப்புல கூடவே இருக்கிற இன்டெலோட மென்பொருள், மேனேஜ்மென்ட் எஞ்சின், 7-ம் பதிப்பு. 2012-ல வந்த ஐவி பிரிட்ஜுக்கு 8 வேணும். நீங்க ஏத்தினது பழைய ரோம் வகையோட கடைசி ஃபைலா இருக்கும். 100% முடிஞ்சது நிஜந்தான், ஆனா அந்த ஃபைலுக்கு 3470-ஐத் தெரியாது.

2100-ஐ திரும்ப மாட்டுங்க. சாக்கெட் பின்னைத் தொடாதீங்க, ப்ராசசர் மேல இருக்கிற பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைச்சுட்டுப் பட்டாணி அளவு புதுசு வைங்க. ஸ்க்ரீன் வரும். வரலைன்னா மட்டும் கிராஷ்ஃப்ரீ, அதாவது கெட்ட பயாஸை மீட்கிற ஏசஸ் வசதி: பென்டிரைவ்ல எஃப்ஏடி32, ஒரே பார்ட்டிஷன், கையேட்டுல சொன்ன பேருக்கு ஃபைலை மாத்தி வைக்கணும். 32 ஜிபிக்குள்ள இருக்கிற டிரைவா எடுங்க, அதுக்கு மேலன்னா விண்டோஸ் பெரும்பாலும் எஃப்ஏடி32-ல ஃபார்மட் பண்ண விடாது. பின்பக்க யூஎஸ்பி 2.0 போர்ட்ல செருகுங்க.

ஸ்க்ரீன் வந்த பிறகு 2100-ஓடயே அடுத்த படி. உங்க மாடல் பக்கத்துலேயே ரோம்லேருந்து கேப் வகைக்கு மாத்துற கருவி தனியா இருக்கும், பயாஸ் மெனுவுல இருக்கிற அப்டேட் கருவி ஈஸி ஃபிளாஷ் நேரா கேப்பை ஏத்துக்காது. மாறிட்டா பழசுக்குத் திரும்ப முடியாது. அது முடிஞ்சு, ஒரு தடவை நல்லா பூட் ஆன பிறகுதான் 3470.

மதர்போர்டு_மாமா:
ஜம்பர் மாத்தினதோட செட்டிங் எல்லாம் போயிருக்கும். ஹார்ட் டிஸ்க்கோட பேசுற முறை, அதான் சாட்டா மோடு, முன்னாடி ஐடிஇ-யா, ஏஎச்சிஐ-யா? அது மாறிப்போனா விண்டோஸ் நீல ஸ்க்ரீன்ல 7பி-ன்னு நிக்கும். உடனே ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு இன்னொரு இழை தொடங்காதீங்க, மோடை மாத்திப் பாருங்க.

கரண்ட்கம்பி:
அடுத்த தடவை யூபிஎஸ்ல மாட்டிட்டு ஏத்துங்க.

பூன்லே_ராஜா:
சிங்கப்பூர்ல கரண்ட் போறது அபூர்வம். இங்க பிரச்சினை வீட்டுக்குள்ளதான். ஏர்கான்லயோ வாட்டர் ஹீட்டர்லயோ கசிவு இருந்தா டிபி பாக்ஸ்ல (வீட்டோட மெயின் சுவிட்ச் பெட்டி) டிரிப் ஆகி மொத்த வீடும் இருட்டாகும். அப்டேட் ஓடுற அந்த அஞ்சு நிமிஷம் ரெண்டையும் அணைச்சு வச்சாலே பாதி பயம் போயிடும். யூபிஎஸ் இருந்தா நல்லதுதான்.

யீஷூன்76:
ஐ3 போட்டேன், ஸ்க்ரீன் வந்துடுச்சு. ஏஎச்சிஐ மாத்தினதும் விண்டோஸும் வந்துச்சு. எல்லாருக்கும் நன்றி.

பூன்லே_ராஜா:
பயாஸ் முதல் பக்கத்துல வெர்ஷன் எண் என்ன காட்டுது? கருவியை இறக்குறதுக்கு முன்னாடி அதைப் போடுங்க.

தேக்கா_சிப்:
மாமா, 5 வோல்ட் விஷயத்துக்கு வழி இருக்கு. சிஎச்341ஏ சிப்போட 28-ம் காலைத் தூக்கி, அந்தக் கருவியிலயே இருக்கிற ரெகுலேட்டரோட 3.3-ல சேர்த்து, 9-ம் காலையும் அதோட இணைச்சா டேட்டா லைனும் 3.3-க்கு வந்துடும்.

மதர்போர்டு_மாமா:
அதை முதல்லயே எழுதியிருக்கணும். காலைத் தூக்கும்போது ஒடிச்சுடாதீங்க, மெல்லிசு.