ஐந்து நாள் கருவும் முற்றுப்புள்ளியும்

சொல்லாய்வன்:
உடலின் பலவகைச் செல்களாக மாறவல்ல ஸ்டெம் செல்களைப் பற்றிய ஆராய்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்குவதற்காக நண்பர் நுண்ணோக்கி எழுதிய நான்கு பக்கத் துண்டறிக்கையை நேற்று முழுமையாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில், அறம் என்னும் தலைப்பின்கீழ் முதல் வரியே இதுதான்: "ஆய்வுக்குப் பயன்படும் ஐந்து நாள் கரு, இந்த வரியின் முடிவிலுள்ள முற்றுப்புள்ளியைவிடச் சிறியது." ஒன்று எவ்வளவு சிறியது என்று சொல்லிவிட்டால், அதை அழிக்கலாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுமா? அறக்கேள்விக்கு முற்றுப்புள்ளி வைப்பதற்காகவே முற்றுப்புள்ளியைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதற்குப் பெயர் கல்வி அன்று, வாயடைப்பு.

நுண்ணோக்கி:
முழுமையாகப் படித்ததாகச் சொல்லும் ஐயா மூன்றாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை என்று தெரிகிறது. 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் மனிதக் கருவிலிருந்து முதன்முதலாக ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தபோது, செயற்கைக் கருத்தரிப்புக்காக உருவாக்கப்பட்டு, உரியவர்களின் ஒப்புதலோடு ஆய்வுக்குத் தரப்பட்ட கருக்களையே பயன்படுத்தினார்கள் என்பது அங்கே இருக்கிறது. 1984இல் பிரிட்டனில் கரு ஆய்வின் அறத்தை ஆராய்ந்த வார்னாக் குழு, கருவை ஆய்வகத்தில் பதினான்கு நாளுக்கு மேல் வளர்க்கக்கூடாது என்ற வரம்பைப் பரிந்துரைத்ததும், 1990இல் அது அந்நாட்டுச் சட்டமானதும் இருக்கின்றன. ஏறத்தாழ அந்த நாள்களில்தான் உடலின் தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்று காட்டும் முதற்கோடு கருவில் தோன்றுகிறது என்பதும், அதற்கு முன்பு ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகவும் ஆகக்கூடும் என்பதும் கூட இருக்கின்றன. இவை எவையும் உங்கள் கண்ணில் படவில்லை. ஒரு புள்ளி மட்டும் பட்டிருக்கிறது.

அந்த வரி ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் ஐந்தாம் நாளில் இருப்பதும் கரு, ஐந்தாம் மாதத்தில் இருப்பதும் கரு. அந்தச் சொல்லைக் கேட்டவுடன், விரலைச் சூப்பிக்கொண்டு சுருண்டு கிடக்கும் குழந்தையின் படம்தான் எவர் மனத்திலும் எழும். பிளாஸ்டோசிஸ்ட் எனப்படும் அந்த ஐந்து நாள் கருவை நான் நுண்ணோக்கியில் கண்டவன். நடுவில் நீர் நிறைந்த ஓர் உருண்டை. அதன் உட்சுவரில் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு சிறு கொத்தாகச் சில செல்கள். அந்தக் கொத்திலிருந்துதான் ஸ்டெம் செல்களை எடுக்கிறார்கள். மொத்தமே நூறு, இருநூறு செல்கள். கை இல்லை, கால் இல்லை, நரம்பு என்று ஒரு செல்கூட இல்லை. இதை ஒரே வரியில் எப்படிச் சொல்வீர்கள்? "சிறியது, எனவே அழிக்கலாம்" என்று நான் எழுதவில்லை. "எனவே" எந்த வரியில் இருக்கிறது என்று காட்டுங்கள்.

சொல்லாய்வன்:
"எனவே" என்பதை எழுதாமலே சொல்ல முடியும். விளம்பரம் எழுதுவோர் அனைவரும் அதைத்தான் செய்கிறார்கள். கை இல்லை, கால் இல்லை, நரம்பு இல்லை என்று இப்போது எழுதினீர்கள் அல்லவா? அதையே துண்டறிக்கையிலும் எழுதியிருக்கலாம், அது செய்தி. முற்றுப்புள்ளி செய்தி அன்று, உவமை. அதுவும் எந்த எழுத்தளவின் முற்றுப்புள்ளி? உங்கள் அட்டைத் தலைப்பின் முடிவிலுள்ள புள்ளி சட்டைப் பொத்தான் அளவுக்கு இருக்கிறது.

போகிற போக்கில் இன்னொன்று. துண்டறிக்கை நெடுகிலும் "ஸ்டெம் செல்". குருத்தணு என்ற அழகான சொல் இருக்கும்போது இந்தப் பிடிவாதம் ஏன்? மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நாம் கலைச்சொற்பட்டியல் தொகுத்தபோது நான் எழுதித் தந்த விளக்கத்தை ஒருவர் பெயர் குறிப்பிடாமல் எடுத்தாண்டது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் யார் என்று அவருக்கே தெரியும்.

நுண்ணோக்கி:
குருத்து இலையாகத்தான் விரியும், ஐயா. வாழைக்குருத்து ஒருநாளும் பூவாகவோ வேராகவோ மாறாது. கருவிலிருந்து எடுக்கும் செல்லோ இதயத்தசையாகவும் ஆகும், நரம்பாகவும் ஆகும், கணையச் செல்லாகவும் ஆகும். பொருந்தாத உவமையைப் பெயராகவே சூட்டியவர், என் முற்றுப்புள்ளியை "உவமை" என்று பழிப்பது வேடிக்கையாக இருக்கிறது. கலைச்சொற்பட்டியலைப் பொறுத்தவரை, நான்கு பேர் சேர்ந்து திருத்திய ஒரு பத்திக்கு ஒருவர் மட்டும் உரிமை கொண்டாடுவதை அன்றும் நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

அளவைக் கேட்டீர்கள். பிளாஸ்டோசிஸ்டின் குறுக்களவு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். பத்துப் பாயின்ட் அளவு எழுத்தில் அச்சாகும் முற்றுப்புள்ளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர். "இந்த வரியின் முடிவிலுள்ள" என்று தெளிவாக எழுதியிருக்கும்போது அட்டைக்கு ஓடுவது நேர்மையன்று.

தேரோட்டி:
நீங்கள் இருவரும் பழைய சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஜப்பானிய அறிவியலாளர் யாமனாக்கா 2006இல் எலியின் தோல்செல்லையும் 2007இல் மனிதத் தோல்செல்லையும் நான்கு மரபணுக்களின் துணையோடு கருநிலைக்கே திருப்பிக் காட்டிவிட்டார். 2012இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். இனிக் கருவும் வேண்டாம், அறச்சிக்கலும் வேண்டாம். துண்டறிக்கையில் இதை மட்டும் எழுதினால் போதுமானது.

நுண்ணோக்கி:
போதாது. அந்த நான்கில் ஒன்றான சி-மிக் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு. 2014இல் ஜப்பானில் இவ்வகைச் செல்களிலிருந்து வளர்த்த விழித்திரைப் படலத்தை முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்; இரண்டாம் நோயாளிக்காக ஆயத்தம் செய்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால், அவருக்குப் பொருத்தாமலே நிறுத்திவைத்தார்கள். மேலும், இச்செல்கள் சரியாக நடந்துகொள்கின்றனவா என்பதை எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கருவிலிருந்து எடுத்த செல்களோடுதான். எனவே அந்த முற்றுப்புள்ளி வரி தேவைதான்.

சொல்லாய்வன்:
அப்பாடா, ஒருவழியாக "எனவே" வந்துவிட்டது.

சரி, வரம்பு என்று பெருமையோடு காட்டினீர்களே, அந்தப் பதினான்கு நாள் விதியைப் பன்னாட்டு ஸ்டெம் செல் ஆராய்ச்சிக் கழகம் 2021இல் தன் வழிகாட்டு நெறிகளின் தடைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது உங்கள் அறிக்கையில் ஏன் இல்லை? நாள் நீண்டால் கருவும் வளரும் அல்லவா? அடுத்த பதிப்பில் காற்புள்ளியைவிடச் சிறியது என்று எழுதுவீர்களா? அதற்கடுத்த பதிப்பில் வியப்புக்குறியா?

மருதாணி:
மூன்று நாள்களாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் தந்தைக்கு முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு, ஸ்டெம் செல் ஊசி போடுவதாகச் சொன்ன ஓரிடத்திற்கு அழைத்துச் சென்றோம். காத்திருப்பு அறையில், சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து நிற்கும் படம் மாட்டியிருந்தது. அதன்கீழ் பெரிய எழுத்தில், "நாங்கள் கருவைப் பயன்படுத்துவதில்லை, உங்கள் கொழுப்பிலிருந்தே எடுக்கிறோம், எனவே அறச்சிக்கல் இல்லை" என்று இருந்தது. அந்த வரியைப் படித்துத்தான் எங்கள் தயக்கம் நீங்கியது. ஒப்புதல் படிவத்தில் "ஆய்வு" என்று இருந்தது. பக்கத்திலேயே கட்டணத் தொகையும் இருந்தது. ஆய்வுக்கு ஏன் நாங்கள் பணம் கட்ட வேண்டும் என்று கேட்க வேண்டுமென்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. நான்கு ஊசிகள் போட்டார்கள்; என் தந்தையின் கால் விரல்கூட அசையவில்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மூன்று முதிய பெண்கள் இதேபோலத் தம் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணில் செலுத்திக்கொண்டு பார்வையை இழந்த செய்தி 2017இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. தலா 5,000 டாலர் கட்டியிருந்தார்கள். இரு கண்களிலும் ஒரே நாளில் ஊசி போட்டிருந்தார்கள். அங்கும் கரு என்ற பேச்சே இல்லை. இரத்த நோய்களுக்கு எலும்பு மச்சை மாற்றுவது நெடுங்காலமாக நிலைபெற்ற சிகிச்சை, இவர்கள் விற்பதோ நிறுவப்படாதது என்ற வேறுபாட்டை உங்கள் நான்கு பக்கங்களில் எங்கே சொல்லியிருக்கிறீர்கள்? நான் தேடிப் பார்த்தேன்.

நுண்ணோக்கி:
தங்கள் தந்தையின் நிலை அறிந்து வருந்துகிறேன், அம்மா. ஆனால் போலி மருத்துவம் வேறு பொருள். அது நான் எழுதிக்கொண்டிருக்கும் அடுத்த துண்டறிக்கையில் வரும். இங்கே பேசப்படுவது கருவின் அளவு. காற்புள்ளி, வியப்புக்குறி என்று கேலி பேசியவருக்கு ஒன்று: முற்றுப்புள்ளி என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்த உவமை அன்று, பல மொழிகளில் அறிவியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது.

மருதாணி:
வேறு பொருளா? அறம் என்றால் கரு மட்டும்தான் என்று உங்களைப் போன்றவர்கள் சொல்லிச் சொல்லிப் பழக்கியதால்தான், கரு இல்லை என்று சுவரில் எழுதியவனை நாங்கள் நம்பினோம். இது எப்படி வேறு பொருளாகும், ஐயா?

நடுநிலையன்:
இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அந்த வரியை நீக்கிவிட்டு, "ஐந்து நாள் கரு கண்ணுக்கு அரிதாகவே புலப்படும்" என்று மாற்றிவிட்டால் என்ன?

சொல்லாய்வன்:
அளவைச் சொல்லாதீர்கள் என்கிறேன். நீங்கள் அளவையே வேறு சொல்லில் தருகிறீர்கள். மருதாணி அம்மையார் கேட்டது சரியான கேள்வி. நகலாக்கிய மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்ததாகத் தென்கொரிய அறிவியலாளர் ஹ்வாங் வூ-சுக் 2004இலும் 2005இலும் வெளியிட்ட கட்டுரைகள் பொய்யென்று தெரிந்து 2006இல் திரும்பப் பெறப்பட்டன. அவருடைய ஆய்வகத்தில் பணிபுரிந்த இளம்பெண்களிடமிருந்தே கருமுட்டை பெறப்பட்டிருந்ததும் அம்பலமானது. முட்டை தரும் பெண்ணைப் பற்றியும் அறிக்கையில் ஒரு சொல் இல்லை. அத்தனைக்கும் இடமில்லாமல் போனதற்குக் காரணம், அந்த இடத்தில் முற்றுப்புள்ளி உட்கார்ந்திருப்பதுதான்.

நுண்ணோக்கி:
நடுநிலையன் அவர்களே, "அரிதாகவே புலப்படும்" என்பது துல்லியமற்ற சொல். கூரிய கண்ணுக்கு அது ஒரு தூசிபோலத் தெரியவே செய்யும். நான் எழுதியது அளந்து பார்க்கக்கூடியது. ஹ்வாங் செய்த மோசடிக்கும் என் வரிக்கும் என்ன தொடர்பு என்று விளங்கவில்லை. தோற்கும் வழக்கில் சாட்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது பழைய உத்தி. முட்டை தரும் பெண்ணைப் பற்றி நான்காம் பக்கத்தின் அடியில் உள்ளது.

சொல்லாய்வன்:
நான்காம் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயர்தான் உள்ளது.

நுண்ணோக்கி:
உங்களிடம் இருப்பது முதற்பதிப்பு. இரண்டாம் பதிப்பை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அதில் அந்த முற்றுப்புள்ளியைச் சற்றுப் பெரிதாகவே அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.