எலி ஈரல் ஸ்லைடில் கறுப்புப் புள்ளிகள்: வெள்ளியா, போர்மலின் கறையா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன், இறுதியாண்டு ஆய்வு. எலிகளுக்கு 28 நாள் வாய்வழியாக வெள்ளி நனோ துணிக்கை கொடுத்து ஈரல், சிறுநீரகம், மண்ணீரல் மூன்றையும் வெட்டிப் பார்க்கிறோம்.

ஈரலில்தான் சிக்கல். நுணுக்குக்காட்டியில் குருதிக் குழிகளின் ஓரமாக, கூப்பர் கலங்கள் (குருதியில் வரும் அந்நியத் துணிக்கைகளை விழுங்கும் ஈரல் கலங்கள்) இருக்கும் இடத்தில், மிளகுத்தூள் தூவினது போலக் கறுப்புப் புள்ளிகள். வெள்ளி அங்கே சேரும் என்பதால் முதலில் சந்தோஷப்பட்டேன், அப்புறம் பார்த்தால் வெள்ளியே கொடுக்காத எலியின் ஸ்லைடிலும் அதே புள்ளிகள், கொஞ்சம் குறைவாக! இழையத்தைப் பதப்படுத்த நாங்கள் பாவித்த போர்மலின் பழையது, அது அமிலமாகாமல் இருக்கப் பஃபர் சேர்த்தார்களா என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில். அமிலமான போர்மலின் குருதியோடு சேர்ந்தாலும் இப்படிக் கறுப்புக் கலந்த கபிலக் கறை வரும்தானே?

பிக்ரிக் அமிலம் கலந்த அற்ககோலில் ஊறவைத்தால் போர்மலின் கறை போய்விடுமாம். எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், பிறகு ஈமற்றொக்சிலின் சாயம் ஒழுங்காகப் பிடிக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மிஞ்சிய இழையம் உறைய வைத்தபடி இருக்கிறது. அதில் வெள்ளியின் அளவை ஐசிபி எம்எஸ்ஸில் (மிகச் சிறிய அளவு உலோகத்தையும் அளக்கும் கருவி) மாணவர் விலைக்குப் பார்த்துத் தரும் ஆய்வுகூடம் கொழும்பில் தெரிந்தால் இன்பொக்ஸ் பண்ணுங்கள். மேற்பார்வையாளரிடம் கேட்கலாம்தான், ஆனால் போன வாரம்தான் 'வெள்ளி சேர்ந்திருக்கு சேர்' என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.