மறு: ப்ராக்ஸி வேரியபிள் – பதிலி மாறியா, ஆகுமாறியா?

> ‘பதிலி மாறி’ என்றே வைத்துக்கொள்ளலாம். ‘பதிலி வழங்கி’ (ப்ராக்ஸி சர்வர்) ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

வணக்கம் ஐயா. தரவில் நேரடியாக இல்லாத ஒன்றின் இடத்தில் நின்று அதன் வேலையைச் செய்யும் வேறொரு தகவலைத்தான் ப்ராக்ஸி வேரியபிள் என்கிறோம். பதிலி என்பது நாம் தெரிந்தே அனுப்பும் ஆள். நலத்திட்டப் பயனாளிகளைச் செயற்கை நுண்ணறிவு தேர்ந்தெடுக்கும்போது நடப்பது அதுவன்று. சாதி என்ற நெடுவரிசையை நீக்கியாயிற்று என்று நாம் நிம்மதியாக இருப்போம். முகவரி சத்தமில்லாமல் அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இதற்கு நம் இலக்கணத்திலேயே பெயர் உண்டு: ஆகுபெயர். ‘ஊர் சிரித்தது’ என்றால் சிரித்தவர்கள் ஊரார். இடத்தின் பெயர் அங்கே வாழ்வோருக்கு ஆகி வருகிறது. அஞ்சல் குறியீட்டெண் செய்வதும் அச்சு அசலாக இடவாகுபெயரின் வேலைதான். அதனால் ‘ஆகுமாறி’ என்பது என் பரிந்துரை.

‘காலனி’ என்ற சொல்லையே பாருங்கள். பல ஊர்களில், முகவரியில் அது இருந்தால் பட்டியல் சாதியினரின் குடியிருப்பு என்று தெரிந்துவிடும். அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழக முதல்வராக மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார், செய்யவேண்டிய காரியம். ஆனால் தெருப் பெயர், ரேஷன் கடை எண், பிள்ளை படிக்கும் பள்ளி மூன்றும் தரவில் இருந்தால், கணிக்கும் மாதிரி (மாடல்) அதே குடியிருப்பைத் திரும்பவும் கண்டுபிடித்துவிடலாம். தனித்தனியே பார்த்தால் எதிலும் சாதி தெரியாது, சேரும்போதுதான் ஆகி வரும்.

சோதிக்க, சாதி நெடுவரிசையைத் தனியே எடுத்துவைத்து, மிச்சமுள்ளவற்றைக் கொண்டு அதைக் கணிக்கும் இன்னொரு மாதிரியைப் பயிற்றுவியுங்கள். அது எவ்வளவு நன்றாகப் பிரித்தறிகிறது என்பதைக் காட்டும் ஏ.யூ.சி. (AUC) அளவு 0.5 அருகே நின்றால் காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். 0.8ஐத் தொட்டால் ஆகுமாறி உள்ளே இருக்கிறது. பலர் சறுக்குவது, அந்த நெடுவரிசையை ஒரேயடியாக அழித்துவிடுவதில். அழித்துவிட்டால், தகுதியிருந்தும் விடுபட்டவர்கள் எந்தப் பிரிவில் எத்தனை விழுக்காடு என்று பிறகு கணக்கிடவே முடியாது.

> ஆகுமாறி பிடித்திருக்கிறது. ஆனால் கணிக்கும் இலக்கே வேறொன்றின் இடத்தில் நின்றால்?

அம்மா, அதிகம் கெடுப்பது அதுதான். அமெரிக்காவில் கூடுதல் பராமரிப்பு யாருக்கு வேண்டும் என்று கணித்த மென்பொருள் ஒன்றைப் பற்றி 2019இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. இனம் என்ற நெடுவரிசை அதில் இல்லவே இல்லை. நோயின் கடுமைக்குப் பதில் மருத்துவச் செலவை இலக்காக வைத்திருந்தார்கள். அதே அளவு நோய்க்குக் கறுப்பினத்தவருக்குச் செலவிடப்பட்ட தொகை குறைவு; எனவே மதிப்பெண்ணும் குறைந்தது. இந்தச் சாய்வைச் சரிசெய்தால், கூடுதல் உதவி பெறுவோரில் அவர்களின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 ஆக உயரும் என்று கணக்கிட்டார்கள்.

பென்சில்வேனியாவின் அலெகெனி கவுண்டியில் 2016 முதல் குழந்தை நலப் புகார்களுக்கு 1 முதல் 20 வரை மதிப்பெண் தரும் கருவியும் இப்படித்தான். அது கணிப்பது கொடுமையை அன்று, குழந்தை இரண்டாண்டுக்குள் வீட்டிலிருந்து பிரிக்கப்படுமா என்பதை. பிரிப்பது அதிகாரிகளும் நீதிமன்றமும் எடுக்கும் முடிவு.

செலவு காரியம், நோய் காரணம். காரியத்தின் பெயர் காரணத்துக்கு ஆகி வந்தால் காரியவாகுபெயர் என்போமே, அதே உறவு. ஆகவே ‘உள்ளீட்டு ஆகுமாறி’, ‘இலக்கு ஆகுமாறி’ என்று இரண்டாகப் பதியலாம். ‘ஆகுமாறி’யை ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதுங்கள். பிரித்தால் ‘மாறி’ வினையெச்சமாகப் படிக்கப்படும்.