நத்தார் சோடனை விளக்குகளைப் படமெடுத்தால் கருங்கோடுகள் விழுகின்றன, நீலம் வெள்ளையாகிறது: உதவி தேவை

கொட்டகலைச் சாரல்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துத் தேவாலயத்தின் நத்தார் விளக்குச் சோடனையை ஆண்டு மலருக்காகப் படமெடுத்துத் தருமாறு பங்குத்தந்தை என்னிடம் கேட்டிருக்கிறார். இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் வேலை முடிந்து வந்து, மாலை மாலையாக நின்று கட்டிய சோடனை அது. கோபுரத்து நட்சத்திரக் கூட்டிலிருந்து பாலன் குடில் வரை எல்.ஈ.டி. சரங்களைத் தொங்கவிட்டு, முன்சுவருக்கு வெள்ளை ஒளிவீச்சு விளக்குகளும் பொருத்தியிருக்கிறார்கள். நேரில் பார்க்கும்போது மனம் நிறைந்துபோகிறது. படத்தில் அது வரவே இல்லை.

நான் பாவிப்பது சாதாரண மிரர்லெஸ் கமராவும் அதனுடன் வந்த 18–55 மி.மீ. வில்லையும். செபமாலை நடப்பதால் சத்தமில்லாத ஷட்டரில், கையில் பிடித்தபடி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 3200, ஷட்டர் நேரம் 1/250 செக்கன் என்று வைத்து இரவு எட்டு மணியளவில் எடுத்தேன். முன்சுவரின் குறுக்கே ஐந்து கரும்பட்டைகள் படுத்துக் கிடக்கின்றன. சரங்களில் சில இடங்களில் குமிழ்கள் எரியாதவை போல் இருக்கின்றன, ஆனால் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன. நீலக் குமிழைக் கணினியில் பெருப்பித்துப் பார்த்தால் நடுவில் வெறும் வெள்ளைப் பொட்டும் அதைச் சுற்றி மெல்லிய நீல வளையமும்தான் தெரிகின்றன. வானம் முழுக் கறுப்பு. கோபுரத்தின் உருவமே அதில் கரைந்துவிட்டது. இவை போதாதென்று, படத்தின் கீழ்ப்பகுதியில் எங்கிருந்து வந்தவை என்று தெரியாத பச்சைப் புள்ளிகளும் உண்டு. கமராவில் பழுதா, அல்லது எடுக்கும் முறையை மாற்ற வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

மகாவலிக்கரை:

வணக்கம் தம்பி. கமராவில் பழுதில்லை, பட்டைகளுக்குக் காரணம் மின்சாரம். நம் இலங்கையில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மாறுமின்னோட்டம். அது ஒரு செக்கனில் நூறு தடவை சுழியத்தைத் தொட்டு மீள்வதால், மின்னோட்டத்தைச் சீராக்கும் நல்ல சுற்று இல்லாத மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் செக்கனுக்கு நூறு தடவை மங்கி மங்கி எரிகின்றன. ஒற்றை டயோடுடன் வரும் சரங்களோ ஐம்பது தடவைதான் எரியும், இடையில் முழுதாக அணைந்தும்விடும். நம் கண் இதைக் காணாது. சத்தமில்லாத ஷட்டர் என்பது மின்னணு ஷட்டர்; அது ஒளியைப் பதிக்கும் சென்சரை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால், விளக்கு மங்கிய கணத்தில் வாசிக்கப்பட்ட வரிகள் இருண்டுவிடுகின்றன. நீங்கள் ஐந்து பட்டைகள் என்று சொன்னதிலிருந்தே, உங்கள் கமரா ஒரு படத்தை வாசித்து முடிக்க ஏறத்தாழ 1/20 செக்கன் எடுக்கிறது என்று கணக்கிடலாம். குமிழ்கள் அணைந்தவை போல் விழுந்ததற்கும் இதுவே காரணம்.

ஆகவே முதலில் இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். அதன் பின் ஷட்டர் நேரம் விளக்கின் துடிப்போடு பொருந்த வேண்டும்: 1/100 செக்கன் சுவர் விளக்குக்குப் போதும், சரங்களுக்கு 1/50 அல்லது 1/25 வேண்டும். முக்காலியில் வைத்து அரைச் செக்கனுக்கு மேல் திறந்துவிட்டால் எத்தனையோ துடிப்புகள் ஒன்றாகக் கலந்துவிடும், பட்டை என்ற பேச்சே இருக்காது. காணொளி எடுப்பதானால் செக்கனுக்கு 25 சட்டகங்கள், 1/50 ஷட்டர் என்று வையுங்கள். 30 சட்டகங்களில், 1/60 ஷட்டரில் எடுத்தால் 50 ஹேர்ட்ஸ் விளக்குகள் அலையலையாக மங்கும்.

ஒன்று கேட்க வேண்டும். அன்று சோடனைக்கு மின்சாரம் மின்சபை இணைப்பிலிருந்து வந்ததா, மின்பிறப்பாக்கியிலிருந்து வந்ததா? சிறிய மின்பிறப்பாக்கியின் சுழற்சி, சுமை கூடும்போது குறைந்தும் சுமை குறையும்போது கூடியும் போகும். 50 ஹேர்ட்ஸில் அது நிலையாக நிற்பதில்லை. அப்படியானால் 1/50 என்று துல்லியமாக வைத்தாலும் மெல்லிய பட்டைகள் எஞ்சும், நீண்ட திறப்பு மட்டுமே வழி.

ஊவாக் காற்று:

மேலே ஐயா சொன்னது முழுவதும் சரி. ஆனால் இந்தப் படத்தை உண்மையில் கெடுத்தது பட்டைகளைவிட எட்டு மணி என்ற நேரம்தான் என்பது என் உறுதியான கருத்து. டிசம்பர்க் கடைசியில் மலையகத்தில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்னரே மறைந்துவிடும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு அருகில் என்பதால் சூரியன் செங்குத்தாக இறங்கும், அந்திக் கருக்கலும் சீக்கிரம் முடிந்துவிடும். ஐரோப்பாக்காரர் எழுதும் வழிகாட்டிகளைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று நம்பியிருந்தால் ஏமாந்துபோவோம். நமக்கு வானம் ஆழ்ந்த நீலமாக நிற்பது ஏறக்குறைய 6.10 முதல் 6.30 வரைதான்.

அந்த நேரத்துக்குள் செய்ய வேண்டிய வேலை எளிமையானது. ஐந்தே முக்காலுக்கே முக்காலியை நிறுத்தி, சட்டகத்தை முடிவுசெய்து, நடைபாதையில் ஆட்கள் நடக்கும் அதிர்வு படாத இடமாகப் பார்த்து வைத்துவிடுங்கள். திரையில் ஒரு குமிழைப் பெருப்பித்து, கையாலேயே போகஸ் செய்யுங்கள். இருட்டில் தானியங்கி போகஸ் முன்னும் பின்னும் அலையும். ஐ.எஸ்.ஓ. 200, எஃப்/8 (வில்லைத் துவாரத்தின் அளவு), 2 செக்கன் என்பது நல்ல தொடக்கம். குமிழ்களின் நிறம் கெடாத அளவுக்கு அதைக் கூட்டியோ குறைத்தோ நிறுத்திய பிறகு கையை எடுத்துவிடுங்கள். விளக்கின் ஒளி மாறப்போவதில்லை, வானம் மட்டும்தான் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிக்கொண்டிருக்கும். அதே அளவில் இடைவிடாமல் எடுத்துக்கொண்டே வந்தால், முதற்படங்களில் வானம் வெளிறி விளக்குகள் அடங்கிக் கிடக்கும், கடைசிப் படங்களில் வானம் கறுத்துவிடும். இடையில் ஒரு படத்தில் கோபுரத்தின் விளிம்பும் ஓட்டுக்கூரையும் பின்னால் இருக்கும் தேயிலை மலையும் நட்சத்திரக் கூடும் சேர்ந்து தெளியும். மலரில் போட வேண்டியது அந்தப் படம்.

முக்காலியில் வைத்ததும் நடுக்கத் தடுப்பை நிறுத்திவிட்டு, 2 செக்கன் தாமதத்தில் எடுப்பதை மறக்க வேண்டாம்.

கொட்டகலைச் சாரல்:

ஐயா, நீங்கள் ஊகித்தது போலவே வளாகத்துச் சோடனை முழுவதும் மின்பிறப்பாக்கியில்தான் ஓடுகிறது, சுவர் விளக்குகள் மட்டும் மின்சபை இணைப்பில் இருக்கின்றன. நேற்று மாலை ஊவாக் காற்று சொன்ன நேரத்தில், சொன்ன அளவில் எடுத்தேன். பட்டைகள் முற்றாக நீங்கிவிட்டன, வானமும் நீலமாக வந்திருக்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

இன்னும் தீராதவை மூன்று. சிவப்பு நன்றாக வந்தாலும் நீலம் வெளிறித்தான் நிற்கிறது. பச்சைப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. மேலும், 6.20 அளவில் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தபின் எல்லாமே மங்கிப்போனது. பாலன் குடிலைப் படமெடுக்க ஆலயத்துக்குள் போனதும் வில்லை முழுவதும் ஆவி படிந்துவிட்டது. பனிமூட்டத்தில் பிளாஷ் போட்டால் சரியாகுமா?

மகாவலிக்கரை:

பிளாஷ் வேண்டவே வேண்டாம். அதன் ஒளி முதலில் படுவது கமராவுக்கு முன்னால் மிதக்கும் நீர்த்துளிகளில்தான். படம் முழுவதும் வெள்ளைப் பொட்டுகளாக வரும், தொலைவில் இருக்கும் கோபுரத்துக்கு அந்த ஒளி போய்ச் சேரவும் மாட்டாது.

நீலத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீல எல்.ஈ.டி. வெளிவிடும் ஒளி மிகக் குறுகிய அலைநீளப் பட்டையில் அடங்கியிருப்பதால், சென்சரின் நீலப் பகுதி மட்டும் நிரம்பி வழிந்துவிடும். கமராவின் ஒளிமானியோ பச்சைக்கே அதிக மதிப்பளிப்பதால், ஒளி அளவாக இருக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்கும். நீலம் நிரம்பிய பிறகும் ஒளி சேர்ந்துகொண்டே போனால் பச்சையும் சிவப்பும் மெல்ல மெல்ல ஏறி, மூன்றும் சேர்ந்து வெள்ளையாகிவிடும். அதனால் படத்தின் ஒளிப் பரவலை வரைபடமாகக் காட்டும் பொதுவான ஹிஸ்டோகிராமை நம்பாமல், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, நீலம் வலது விளிம்பில் போய் மோதாத வரை ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள். 2 செக்கனுக்குப் பதில் அரைச் செக்கன் போதுமானதாக இருக்கலாம். நிழல் பகுதி இருண்டாலும், ரா கோப்பில் (சென்சரின் தரவைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் கோப்பில்) எடுத்திருந்தால் பின்னர் கணினியில் தூக்கிவிடலாம். நிரம்பி வழிந்த நீலத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வெண்மைச் சமநிலையை, அதாவது படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் அமைப்பைத் தானியங்கியில் விடாமல் 3500 முதல் 4000 கெல்வினுக்குள் ஓர் இடத்தில் நிறுத்தினால், படத்துக்குப் படம் நிறம் மாறாது.

சரங்களில் மினுக்குப் பெட்டி இருந்தால் அதன் பொத்தானை அழுத்தி, நிலையாக எரியும் நிலையில் வைத்துவிடச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், மினுக்கும் சுற்று ஒன்று முழுதாக முடியும்வரை ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அப்படியான படத்தில் நீலம் வழியாதிருக்க, ஐ.எஸ்.ஓ.வை 100க்கு இறக்கி, எஃப்/11க்குப் போகலாம். அந்த அளவில் ஒளிப்புள்ளிகளைச் சுற்றி நட்சத்திரக் கதிர்களும் வரத் தொடங்கும்.

நானுஓயாப் பனி:

பச்சைப் புள்ளிகளுக்கு என் பதில்: வில்லையின் முன்னால் பாதுகாப்புக்குப் போட்டிருக்கும் யூ.வி. பில்டரைக் கழற்றுங்கள். சென்சரில் பட்ட ஒளி திரும்பிப்போய், தட்டையான அந்தக் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வருகிறது. படத்தின் மையத்தை வைத்துப் பாருங்கள். மேலே வலப்புறம் ஒரு பிரகாசமான விளக்கு இருந்தால், அதற்கு நேர் எதிராகக் கீழே இடப்புறம் புள்ளி இருக்கும். அப்படி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆவி படிவது எங்கள் பக்கத்தில் அன்றாடப் பிரச்சினை. குளிரில் நின்ற கமரா, மக்கள் நிறைந்து மூச்சுக்காற்றின் ஈரம் தங்கிய ஆலயத்துக்குள் போனால், வில்லையின் மேல் நீர் படிந்தே தீரும். உள்ளே போகும் முன், வெளியிலேயே கமராவைக் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் இட்டு இறுகக் கட்டிவிடுங்கள். உள்ளே வைத்து அது அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பையைத் திறந்தால், ஈரம் பையின் வெளிப்புறத்தோடு நின்றிருக்கும். அவசரப்பட்டு வில்லையைத் துடைத்துத் துடைத்து எடுப்பதில் பயனில்லை, வில்லை குளிராக இருக்கும்வரை ஆவி திரும்பத் திரும்பப் படியும். வெளியில் நிற்கும்போது வில்லைக்கு மறைப்பு போட்டு, ஒரு மெல்லிய பருத்தித் துணியைச் சட்டைப்பைக்குள் உலர்வாக வைத்திருங்கள்.

பனிமூட்டத்தைக் குறையாகப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்ல விரும்புகிறேன். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், மூட்டமில்லாத நத்தார் மாலைக்குக் காத்திருந்தால் பல ஆண்டுகள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். மூட்டத்தில் தூரத்துக் காட்சி கெடும் என்பது உண்மைதான். ஆனால் நட்சத்திரக் கூட்டுக்கு நேர் கீழே, பத்தடிக்குள் வந்து நின்று பாருங்கள்: கூட்டின் ஒவ்வொரு முனையிலிருந்தும் சிவப்பும் மஞ்சளும் காற்றிலேயே பரவி நிற்கும். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாதப் பௌர்ணமி வரை நீடிக்கிறது. அந்தப் படிக்கட்டு விளக்குகளை மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து எடுப்பவர்களுக்கும், மூட்டம் பாதி மலையை மூடிய இரவில்தான் நல்ல படங்கள் வாய்க்கின்றன.

ஊவாக் காற்று:

நானுஓயாப் பனி சொல்வதை நான் பாதிதான் ஏற்கிறேன். ஆண்டு மலருக்கு ஆலயத்தின் முழு முகப்பும் தெரியும் படம் ஒன்று கட்டாயம் வேண்டும், அது பிள்ளைகளின் உழைப்புக்குச் செய்யும் நியாயம். மூட்டம் ஏறுவதற்கு முன் அதை எடுத்து முடித்துவிட்டு, பிறகு நெருங்கிப் போகட்டும்.

கொட்டகலைச் சாரல்:

இரண்டையும் செய்துவிட்டேன். பில்டரைக் கழற்றியதும் புள்ளிகள் மறைந்துவிட்டன. அரைச் செக்கனில் நீலம் நீலமாகவே வந்தது, பெருப்பித்துப் பார்த்தாலும் குமிழின் நடுவரை நிறம் இருக்கிறது. கூட்டின் கீழ் நின்று மூட்டத்தில் எடுத்த படத்தைப் பிள்ளைகள் அட்டைக்குக் கேட்கிறார்கள். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

மகாவலிக்கரை:

உண்டு, மிக முக்கியமானது. கணினித் திரையில் ஒளிரும் அந்த நீலத்தை நான்கு நிற அச்சு மையால் கொண்டுவர முடியாது; அது மங்கலாகவோ ஊதா கலந்தோதான் அச்சாகும். நீலத்தின் செறிவை மட்டும் சற்றுக் குறைத்து, வெளிச்சத்தைச் சிறிது கூட்டி ஒரு பிரதி செய்துகொள்ளுங்கள். அச்சகத்தில் எந்த நிற அமைப்பில் கோப்பு வேண்டும் என்று கேட்டு அதன்படி கொடுங்கள். முழுப் பிரதிகளும் ஓடுவதற்கு முன், அட்டைக்குப் பயன்படும் அதே தாளில் ஒரு மாதிரியை அடித்துத் தரச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்னர்தான் சம்மதம் சொல்லுங்கள்.