8 ஜிபி ராம் ஸ்லொட்டில் சரியாக அமர்கிறது, ஆனால் கணினி இயங்கவில்லை

வெள்ளவத்தை வாசகர்:

வணக்கம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகளின் மேசைக் கணினியில் இணையவழி வகுப்பையும் பாடக்குறிப்புகளையும் ஒன்றாகத் திறந்தால் எல்லாம் உறைந்துவிடுகிறது. அது கோர் ஐ3-2120 புரொசஸரும் எச்61 மதர்போட்டும் கொண்டது. ராம் (தற்காலிக நினைவகம்) பொருத்தும் இரண்டு ஸ்லொட்டுகளில் ஒன்றில் மட்டும் 4 ஜிபி டிடிஆர்3 வகை ராம் இருந்தது. மதர்போட் 16 ஜிபி வரை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்த பின்னரே, பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் பாவித்த 8 ஜிபி டிடிஆர்3 ஒன்றை மலிவாக வாங்கினேன். அது ஸ்லொட்டில் தடையின்றி அமர்கிறது, இரு பக்கப் பூட்டுகளும் விழுகின்றன. ஆனால் திரையில் எதுவும் வருவதில்லை, பீப் ஒலி மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது. பழைய ராமை மட்டும் போட்டால் முன்போல் இயங்குகிறது. கடைக்காரர் தன் மேசையில் சோதித்துக் காட்டித்தான் தந்தார் என்பதால், குறை மதர்போட்டில்தானோ என்று அஞ்சுகிறேன்.

முதல் பதில்:

கடலுக்கு அருகில் இருக்கும் வீடுகளில் உப்புக்காற்றால் ராமின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கிவிடுவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, அவற்றை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மீண்டும் பொருத்திப் பாருங்கள். பழைய ராமை இரண்டாவது ஸ்லொட்டிலும் போட்டுப் பாருங்கள். அங்கும் இயங்கினால் ஸ்லொட்டில் குறையில்லை. அதன் பிறகும் சரிவராவிட்டால் பயோஸை, அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போட்டின் மென்பொருளை, புதுப்பிக்கலாம்.

இரண்டாவது பதில்:

அண்ணா, பயோஸில் கை வைப்பதற்கு முன் இரண்டு ராம்களின் ஸ்டிக்கர்களிலும் உள்ளதை எழுத்து மாறாமல் இங்கே பதியுங்கள். புதியதில் ஒரு பக்கத்தில் எத்தனை கறுப்புச் சிப்புகள் உள்ளன என்பதையும் எண்ணிச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாசகர்:

அழிறப்பரால் துடைத்தும் பலனில்லை. பழைய ராம் இரண்டு ஸ்லொட்டுகளிலும் இயங்குகிறது. பழையதில் ‘4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600யூ’ என்றும், புதியதில் ‘8ஜிபி 2ஆர்எக்ஸ்4 பிசி3-10600ஆர்’ என்றும் இருக்கிறது. புதியதில் ஒரு பக்கத்தில் 18 சிப்புகள் இரு வரிசைகளாக உள்ளன. நடுவில் வேறு அளவில் இன்னொரு சிப்பும் உண்டு.

இரண்டாவது பதிலை எழுதியவர்:

உங்கள் மதர்போட்டில் குறையில்லை. நீங்கள் வாங்கியது சேர்வர்களுக்கான, அதாவது பல கணினிகளுக்குச் சேவை வழங்கும் கணினிகளுக்கான ராம். கடைசியில் உள்ள ‘ஆர்’ என்ற எழுத்து அது ரெஜிஸ்டர்ட் வகை என்பதைச் சொல்கிறது. நடுவில் நீங்கள் கண்ட சிப்தான் அந்த ரெஜிஸ்டர். முகவரிகளும் கட்டளைகளும் நேரே நினைவகச் சிப்புகளுக்குச் செல்லாமல் அதன் வழியாகவே செல்லும். உங்கள் ஐ3 புரொசஸருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தி அவ்வகை ராமுடன் வேலை செய்யும்படி அமைக்கப்படவில்லை. ஆகவே பயோஸைப் புதுப்பித்தாலும் பயனில்லை. டிடிஆர்3இல் இரு வகைக்கும் 240 முனைகளும் ஒரே இடத்தில் வெட்டும் இருப்பதால்தான் அது தடையின்றி அமர்ந்தது. கடைக்காரர் சோதித்தது சேர்வர் ராமை ஏற்கும் கணினியாக இருந்திருக்க வேண்டும்.

மாற்றும்போது ‘யூ’ என்று முடியும் ராமை, ‘2ஆர்எக்ஸ்8’ என்ற குறியுடன், பக்கத்துக்கு எட்டாக 16 சிப்புகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ‘யூ’ இருந்தும் ‘எக்ஸ்4’ (ஒவ்வொன்றும் 8 பிட்டுக்குப் பதில் 4 பிட் அகலமுள்ள) சிப்புகளால் ஆன சில மலிவான ராம்கள் ஏஎம்டி மதர்போட்டுகளில் மட்டுமே இயங்கும்; அவற்றைத் தவிருங்கள். 1600 வேகமுள்ளது கிடைத்தாலும் எடுக்கலாம், உங்கள் கணினியில் அது 1333இல் ஓடும். 4 ஜிபியும் 8 ஜிபியும் சேர்ந்து இயங்குவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. முக்கியமாக, உங்கள் வின்டோஸ் 32-பிட்டா என்று பாருங்கள், ஏனெனில் அது 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது.

வெள்ளவத்தை வாசகர்:

ஸ்டிக்கரைக் காட்டி விளக்கியதும் கடைக்காரர் மறுப்பின்றி மாற்றித் தந்தார். 1600 வேகமுள்ள ‘2ஆர்எக்ஸ்8 பிசி3-12800யூ’ என்பதைப் பழையதுடன் சேர்த்துப் போட்டதும் பயோஸ் 12 ஜிபி என்று காட்டியது. நீங்கள் ஐயுற்றபடியே வின்டோஸ் 32-பிட்டாக இருந்தது. மகளின் கோப்புகளைப் பிரதியெடுத்துவிட்டு 64-பிட் பதிப்பை நிறுவினேன். நேற்றிரவு முழுவதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் ஓடியது, ஒரு பிழையும் வரவில்லை. இன்று காலை அவள் வகுப்பையும் குறிப்புகளையும் ஒன்றாகத் திறந்து வைத்துப் படித்தாள். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.