16-ஆம் பல்லில் எம்பி2 (முன்கன்ன வேரின் இரண்டாவது கால்வாய்) சிக்கவில்லை, வழி சொல்லுங்கள்

தேனி பக்கம் சிறிய கிளினிக் வைத்திருக்கிறேன். 34 வயதுப் பெண், மேல் வலது முதல் கடைவாய்ப்பல். வேறு இடத்தில் ரூட் கெனால் செய்து 14 மாதம் ஆகிறது. கடித்தால் வலி, தட்டினாலும் வலி. வீக்கம் இல்லை.

நேர் எக்ஸ்ரேயில் மூன்று கால்வாயும் ஒழுங்காக அடைத்த மாதிரிதான் தெரிகிறது. 20 டிகிரி சாய்த்து எடுத்தபோது, முன்கன்ன வேரில் அடைப்பு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. நான்காவது கால்வாயான எம்பி2 விட்டுப்போயிருக்கும் என்ற சந்தேகம் அங்கேதான் வந்தது. இந்த வகைப் பற்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இருக்கும் என்று படித்தது சரி, கண்ணில் பட வேண்டுமே!

பல்லைத் திறந்து, அதே வேரின் முதல் கால்வாயான எம்பி1-இலிருந்து அண்ணக் கால்வாய்ப் பக்கம் போகும் கோட்டில் அல்ட்ராசோனிக் டிப்பால் 1.5 மி.மீ. இறக்கிப் பார்த்தாயிற்று. ஹைப்போகுளோரைட் விட்டேன், கால்வாயில் திசு இருந்தால் எழும் குமிழி வரவில்லை. கால்வாயின் வாயைக் காட்டும் சாயமான மெத்திலீன் நீலமும் பூசினேன். 3.5 மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடிதான் இருக்கிறது, மைக்ராஸ்கோப் இல்லை. கையிலுள்ள சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) இரண்டு தாடைக்கும் சேர்த்து 0.3 மி.மீ. வாக்சலில் (படப்புள்ளி அளவில்) எடுத்தது, அடைப்புப் பொருளான கட்டா பெர்ச்சாவின் கீற்றுகள் அந்த வேரையே மறைக்கின்றன. இன்னும் தோண்டினால் ஓட்டை விழுந்துவிடுமோ என்று பயம்.

பழைய அடைப்பை எடுத்துவிட்டு, அந்தப் பல்லுக்கு மட்டும் சிறு பரப்பில் மறுபடி சிபிசிடி எடுப்பதா, நேராக மைக்ராஸ்கோப் உள்ளவரிடம் அனுப்பிவிடுவதா?